சி-விஜில் செயலி: பேனருக்குக் கைகொடுக்கும், வெறுப்புப் பேச்சுக்குப் போதாது

தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து இந்தியத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி தேர்தல் விதிமீறல் பற்றிய புகார்களை வாங்கத் தொடங்கிவிடும். 2018 ஜூலையில் அறிமுகமாகி, 2019 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கப் பயன்பாட்டுக்கு வந்தது. அனுமதியில்லாத பேனர், வீடு வீடாகப் போகும் டோக்கன், இரவு பத்து மணியைத் தாண்டியும் அலறும் ஒலிபெருக்கி என்று எதுவானாலும் இதைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். ஆனால் அதன் புகார்ப் பட்டியலில் மதப் பேச்சு, வகுப்புவாதப் பேச்சு என்று ஒரு வகையும் இருக்கிறது. இந்த மதிப்பீடு அந்த ஒரு வகையைப் பற்றியது. ஒரு மேடையில் ஒரு சமூகத்தின் மீது வெறுப்பைக் கிளப்பினால் இந்தச் செயலி எவ்வளவு தூரம் உதவும்? வெறுப்பே இல்லாத காரசாரமான அரசியல் பேச்சின் மீது எதிராளி இதே பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்பீடு நியாயமாக இருக்கும்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் விதிமீறல்களுக்கு 5க்கு 4. பேச்சுக்கு 5க்கு 1.5.

முதலில் செயலி வேலைசெய்யும் விதம். திறந்ததும் இரண்டு வழி கேட்கும்: செல்போன் எண் கொடுத்து ஓடிபி போட்டு உள்ளே போகலாம், அல்லது பெயர் தெரிவிக்காமல் புகார் கொடுக்கலாம். பெயர் தெரிவிக்காவிட்டால் புகார் என்ன ஆனது என்ற தகவல் திரும்ப வராது. பேச்சுப் புகாருக்கு அந்தத் தகவல் கட்டாயம் தேவை. பாதுகாப்புப் பயம் இல்லாதவர்கள் எண் கொடுத்தே போவது நல்லது. அடுத்து படம், ஆடியோ, வீடியோ என்று தேர்வு. வீடியோ அதிகபட்சம் 2 நிமிடம். செயலிக்குள்ளிருந்தே எடுக்க வேண்டும். முன்பே எடுத்து வைத்ததை ஏற்ற முடியாது. எடுத்த பிறகு அனுப்ப 5 நிமிடம்தான் அவகாசம். நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் தானே பிடித்துக்கொள்ளும். வகையைத் தேர்ந்தெடுத்து, கீழேயுள்ள பெட்டியில் ஓரிரு வரி எழுதி அனுப்பினால் புகார் எண் வரும்.

அதன் பிறகு ஓடுவது 100 நிமிடக் கடிகாரம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 5 நிமிடத்துக்குள் புகாரைக் களக் குழுவுக்கு, பெரும்பாலும் பறக்கும் படைக்கு, ஒப்படைக்க வேண்டும். அவர்கள் 15 நிமிடத்தில் இடத்துக்கு வர வேண்டும். 30 நிமிடத்தில் விசாரித்து அறிக்கை ஏற்ற வேண்டும். மீதி 50 நிமிடத்தில் தேர்தல் நடத்தும் அலுவலர் முடிவெடுக்க வேண்டும்: புகாரைக் கைவிடலாம், நடவடிக்கை எடுத்து முடிக்கலாம், மேலே அனுப்பலாம்.

இந்தக் கணக்கு யாரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்பது 2024 எண்களைப் பார்த்தால் விளங்கும். அந்த மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குப் பின் மார்ச் கடைசிக்குள் 79,000க்கு மேல் புகார் வந்ததாகவும், அவற்றில் ஏறக்குறைய 89 சதவீதம் 100 நிமிடத்துக்குள் முடிக்கப்பட்டதாகவும் ஆணையம் அறிவித்தது. அதில் 58,500க்கு மேல், அதாவது 73 சதவீதம், அனுமதியில்லாத பேனர், போர்டு பற்றியவை. பணம், பரிசு, மது பற்றி 1,400க்கு மேல். சுவர், பொதுச்சொத்து சேதம் 2,454. ஆயுதம் காட்டி மிரட்டல் 535. நேரம் தாண்டிய பிரசாரமும் ஒலிபெருக்கியும் சுமார் 1,000. மதப் பேச்சுக்கோ சாதிப் பேச்சுக்கோ ஒரு தனி எண் அந்த அறிவிப்பில் இல்லை. எத்தனை வந்தன, எத்தனை கைவிடப்பட்டன, எத்தனை வழக்காயின என்று தெரியாமல் இந்த வகையின் தரத்தைப் பொதுமக்கள் எடைபோடவே முடியாது. 1.5 போட்டதற்கு முதல் காரணம் இதுதான்.

பேனர் நின்ற இடத்தில் நிற்கும். பறக்கும் படை வந்து பார்க்கலாம், அனுமதிக் கடிதம் கேட்கலாம், கழற்றலாம். பேச்சு அப்படியில்லை. படை வருவதற்குள் பேச்சாளர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். பேச்சாளர் அங்கேயே இருந்தாலும், அந்தப் படையிலிருப்பவர்கள் ஒரு வருவாய்த்துறை அலுவலரும் சில காவலர்களும் ஒரு வீடியோகிராபரும். பேசியது விதிமீறலா, குற்றமா, வெறும் விமர்சனமா என்று 30 நிமிடத்தில் முடிவுகட்டச் சொல்வது அவர்களுக்கும் நியாயமில்லை, பேசியவருக்கும் நியாயமில்லை.

நான்கு வாக்கியங்களை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். நான்கும் தமிழ்நாட்டுத் தெருமுனைக் கூட்டங்களில் காதில் விழக்கூடியவைதான்.

முதலாவது: "அஞ்சு வருஷமா இந்த எம்எல்ஏ அவங்க தெருவுக்கு மட்டும் ரோடு போட்டாரு, நம்ம தெருவை எட்டிக்கூடப் பாக்கல." இரண்டாவது: "நம்மாளு நிக்கிறாரு, நம்ம சாதி ஓட்டு ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது." மூன்றாவது: "அவனுங்க கடையில யாரும் சாமான் வாங்காதீங்க, ஊருக்குள்ள நடமாட விடாதீங்க." நான்காவது: "நம்ம காலனிக்கு இன்னும் சுடுகாட்டுப் பாதை இல்ல, டீக்கடையில நமக்குத் தனி டம்ளர். இதைக் கேக்கத்தான் ஓட்டுக் கேக்குறோம்."

செயலியில் இந்த நான்குக்கும் ஒரே பெட்டிதான். சட்டத்தில் நான்கும் நான்கு இடத்தில் நிற்கின்றன. முதலாவது ஒருவரின் கடந்தகாலச் செயல்பாடு பற்றிய விமர்சனம். தேர்தல் நடத்தை விதிகளின் முதல் பகுதியே கட்சிகளின் கொள்கை, திட்டம், கடந்தகாலப் பணி பற்றிய விமர்சனத்துக்கு இடம் விட்டிருக்கிறது. புகாரே நிற்காது. இரண்டாவதில் வெறுப்பு இல்லை, ஆனால் சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பது இருக்கிறது. நடத்தை விதிகளுக்கு விரோதம். வேட்பாளரோ அவருடைய முகவரோ, வேட்பாளரின் சம்மதத்தோடு வேறொருவரோ பேசியிருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) பிரிவின்படி அது 'ஊழல் நடவடிக்கை' எனப்படும் தேர்தல் முறைகேடு. ஆனால் அதற்குச் சிறை இல்லை. வெற்றியை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் தேர்தல் மனுதான் வழி. மூன்றாவதுதான் உண்மையான வெறுப்புப் பேச்சு. ஒரு சமூகத்தையே ஊரிலிருந்து ஒதுக்கச் சொல்வது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ இடத்தில் 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 196 ஆகியவை இங்கே பொருந்தும். இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறை.

நான்காவது வாக்கியத்தில்தான் கவனம் வேண்டும். சாதி அதில் இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது. இரண்டு நிமிட வீடியோவில் பார்த்தால் இரண்டாவது வாக்கியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் இது உரிமைக் கோரிக்கை. 2017 ஜனவரி 2 அன்று அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 123(3) பிரிவை விரித்துப் படித்தது: வேட்பாளரின் மதம், சாதி மட்டுமல்ல, வாக்காளரின் மதம், சாதியைச் சொல்லிக் கேட்பதும் தவறுதான் என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். காலங்காலமாகச் சாதியால், மதத்தால் ஒதுக்கப்பட்டவர்கள் அந்த ஒதுக்கலைப் பற்றித் தேர்தலில் பேசுவதே ஜனநாயகத்தின் உயிர் என்பது அவர்கள் வாதம். பெரும்பான்மைத் தீர்ப்பே சட்டம். ஆனாலும் சிறுபான்மைத் தீர்ப்பு எழுப்பிய அச்சம் ஒவ்வொரு தேர்தலிலும் களத்தில் நிற்கிறது. இரட்டைக் குவளையைப் பற்றி மேடையில் பேசும் வேட்பாளரை 'சாதிப் பேச்சு' என்று புகார் போட்டு நோட்டீஸுக்கு அலையவிட முடியும். பிரசாரம் இரண்டு வாரம்தான் என்னும்போது அதில் இரண்டு நாள் போனாலே பெரிய இழப்பு.

துண்டு வீடியோ எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இம்ரான் பிரதாப்கடி வழக்கே சாட்சி. காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினரான அவர், பின்னணியில் ஒரு கவிதை ஒலிக்கும் 46 விநாடி வீடியோவை எக்ஸ் தளத்தில் போட்டார். 2025 ஜனவரியில் குஜராத்தின் ஜாம்நகரில் 196 உள்ளிட்ட பிரிவுகளில் எஃப்ஐஆர் போட்டார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்தது. 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பிலிருந்து இரண்டு விஷயம் பேச்சுப் புகார் எழுதுகிற, வாங்குகிற எல்லோருக்கும் பயன்படும். ஒரு பேச்சின் விளைவை, எதற்கெடுத்தாலும் பதறுகிறவரின் மனத்தை வைத்து அளக்கக்கூடாது; நிதானமும் திடமும் உள்ள மனிதரின் அளவுகோலால் அளக்க வேண்டும். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றம் என்றால், எஃப்ஐஆர் போடும் முன் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173(3) பிரிவின்படி முதல்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம். டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரியின் அனுமதியோடு, 14 நாளுக்குள்.

14 நாளையும் 100 நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேச்சை எடைபோட உச்ச நீதிமன்றம் விரும்புகிற நிதானம் இந்தச் செயலியின் கடிகாரத்தில் இல்லை. அதனால் களத்தில் பேச்சுப் புகார்கள் வேறு துறைக்கு அனுப்பப்பட்டதாகவோ ஆதாரம் போதவில்லை என்றோ மூடப்படலாம். புகார் கொடுத்தவருக்கு ஏமாற்றம். உண்மையில் அதைவிட மோசமானது எதிர்ப்பக்கம்: 100 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அழுத்தத்தில் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிடுவது. அப்படி நடந்தால் குற்றமே செய்யாத கூட்டம் கலைந்துபோகும், அதற்கு எழுத்தில் உத்தரவும் இருக்காது.

அப்படியானால் பேச்சுப் புகாருக்கு இந்தச் செயலியைத் தொடவே வேண்டாமா? தொடலாம், முதல் படியாக மட்டும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இடம், நாள், நேரம் மூன்றையும் அரசின் சர்வரில் பதியவைக்கிறது என்பதுதான் அதன் ஒரே பலன். அந்தப் பலன் சின்னதில்லை. பிறகு "நான் அங்கே பேசவேயில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

பதிவு செய்யும்போது வழக்கமாகச் சொதப்பும் இடங்கள் சில. கூம்பு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று எடுத்தால் போன் மைக்கில் இரைச்சல் மட்டுமே விழும், ஒரு சொல்லும் புரியாது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கூட்ட நெரிசலில் டேட்டா படுத்துவிடும், அனுப்புவதற்குள் 5 நிமிடம் காலாவதியாகிவிடும். அதனால் செயலியில் 30, 40 விநாடி போதும். முழுப் பேச்சை இன்னொரு போனில் தனியாக எடுங்கள். கல்யாண மண்டபத்துக்குள் நடக்கும் கூட்டமென்றால் ஜிபிஎஸ் புள்ளி அடுத்த தெருவில் விழக்கூடும். விவரப் பெட்டியில் மண்டபத்தின் பெயரை எழுதிவிடுங்கள். பேச்சாளர் பெயர், பேசத் தொடங்கிய நேரம், எந்தச் சமூகத்தைக் குறிவைத்தார் என்ற மூன்றும் அந்த ஓரிரு வரியில் வந்துவிட வேண்டும். 'மோசமாகப் பேசுகிறார்' என்று எழுதினால் கட்டுப்பாட்டு அறையிலேயே கைவிடப்படும்.

வாட்ஸப்பில் சுற்றும் வீடியோ, பேஸ்புக் பதிவு, யூடியூப் பேச்சு எதையும் இதில் கொடுக்க முடியாது, ஏற்றவே விடாது. அவற்றுக்கு 1950 என்ற தேர்தல் உதவி எண்ணும் மாவட்டத் தேர்தல் அலுவலரும்தான். போலி வீடியோ, டீப்ஃபேக் என்றால் கட்சிக்கே நேரடியாகத் தெரிவிக்கலாம்: அப்படிப்பட்ட பதிவு தங்கள் கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே 6 அன்று ஆணையம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது.

இனி இரண்டாவது படி. வேலை இங்கேதான் இருக்கிறது. அன்றிரவே முழுப் பேச்சையும் கேட்டு, குறிப்பிட்ட வாக்கியங்களைப் பேசிய மொழியிலேயே, பேசிய கொச்சையிலேயே எழுத வேண்டும். நாகரிகப்படுத்தி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். ஒவ்வொன்றுக்கும் வீடியோவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்று போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் என்ன பேசினார் என்பதையும் இரண்டிரண்டு வரி சேருங்கள், அது பேச்சாளருக்குச் சாதகமாக இருந்தாலும். முழுச் சூழலோடு பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பிரிவுகளில் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. 2021 மார்ச்சில் மேகாலயப் பத்திரிகையாளர் பட்ரீசியா முகிம் மீதான வழக்கு ரத்தானதும், 2024 மார்ச்சில் ஒரு பேராசிரியரின் வாட்ஸப் ஸ்டேட்டஸ் மீதான மகாராஷ்டிர வழக்கு ரத்தானதும் இந்தப் பார்வையால்தான். சூழலை மறைத்த புகார் கடைசியில் கொடுத்தவர் முகத்திலேயே விழும்.

பிறகு ஆதாரத்தைப் பாதுகாப்பது. வீடியோவை வாட்ஸப்பில் யாருக்காவது அனுப்பிவிட்டு, அந்தப் பிரதியை ஆதாரமாகக் கொடுப்பது மிகப் பொதுவான பிழை. வாட்ஸப் வீடியோவைச் சுருக்கும், கோப்பே மாறிவிடும். கேபிள் போட்டு கணினிக்கு எடுங்கள். விண்டோஸில் சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளை கூடவே வருகிறது, கோப்புக்குக் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 ஹேஷ் எண்ணை அதிலேயே எடுக்கலாம். அந்த எண்ணைப் புகாரில் எழுதி, மூலக் கோப்பைப் போனிலேயே அழிக்காமல் வையுங்கள். வழக்கு என்று வந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63(4) பிரிவின் சான்றிதழ் தேவைப்படும். அதன் முதல் பகுதியைப் போன் வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹேஷ் எண் அதில் கட்டாயம்.

கூட்டங்களைத் தேர்தல் அலுவலகமே படமெடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வீடியோ கண்காணிப்புக் குழு என்று தனியாக உண்டு. முக்கியமாகச் செலவுக் கணக்குக்காக எடுக்கிறார்கள், ஆனால் பேச்சும் அதில் பதிவாகும். உங்கள் புகாரில் "இந்தக் கூட்டத்தின் வீடியோ கண்காணிப்புக் குழுப் பதிவைப் பாதுகாத்து வைக்கவும்" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். 2025 மே 30 அன்று ஆணையம் அனுப்பிய அறிவுரைப்படி, முடிவு அறிவித்து 45 நாளுக்குள் தேர்தல் மனு இல்லையென்றால் இப்படிப்பட்ட பதிவுகளை அழித்துவிடலாம். தேர்தல் மனுவுக்கான கெடுவும் அதே 45 நாள்தான். முடிவு வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஆதாரமும் போகும், வழியும் போகும்.

இந்தப் புகாரை மூன்று இடத்தில் தரலாம். நடத்தை விதி மீறலுக்கு மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும், நகலைத் தொகுதிப் பொதுப் பார்வையாளரிடமும். பார்வையாளரின் செல்போன் எண்ணை மாவட்ட நிர்வாகமே பத்திரிகைகளுக்குக் கொடுக்கும். கூட்டத்துக்கு அனுமதி வாங்கியவர் யார் என்பது ஆணையத்தின் சுவிதா தளம் வழியாகத் தரும் அனுமதியில் இருக்கும், அதையும் கேளுங்கள். மூன்றாவது வாக்கியம் போன்ற பேச்சென்றால் காவல் நிலையத்திலும் தர வேண்டும். நேரில் கொடுத்தால் புகார் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபால், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட். வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் போலீஸ் தானாக வழக்குப் போட வேண்டும் என்று 2023 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் விரித்த உத்தரவு இருக்கிறது. புகாரில் அதைக் குறிப்பிடலாம்.

ஆணையத்தின் கை எவ்வளவு நீளும் என்பதையும் எதிர்பார்ப்போடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நடத்தை விதிகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. அவற்றை மீறினால் கண்டனம், நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து நீக்கம், சில மணி நேரப் பிரசாரத் தடை. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு யோகி ஆதித்யநாத்துக்கும் ஆசம் கானுக்கும் 72 மணி நேரம், மாயாவதிக்கும் மேனகா காந்திக்கும் 48 மணி நேரம் தடை போட்டார்கள். 2021இல் மம்தா பானர்ஜிக்கு 24 மணி நேரம். அசாமில் ஹிமந்த பிஸ்வ சர்மாவுக்கு 48 மணி நேரம் போட்டு, அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 2024இல் வழி மாறியது: பிரதமரின் ராஜஸ்தான் பேச்சு, ராகுல் காந்தியின் பேச்சு இரண்டின் மீதும் வந்த புகார்களுக்கு, பேசியவர்களுக்கு அல்ல, கட்சித் தலைவர்களுக்கு நோட்டீஸ் போனது. ஏப்ரல் 25 அன்று போன நோட்டீஸுக்கு மே 22 அன்றுதான் முடிவு வந்தது. அதற்குள் ஏழு கட்ட வாக்குப்பதிவில் ஐந்து முடிந்திருந்தது. கடைக்கோடித் தெருமுனைப் பேச்சாளருக்கு 100 நிமிடம், உச்சத்தில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய நான்கு வாரம் என்றால் அந்தச் சேவையை யாரும் சமமானது என்று ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது.

நீதிமன்ற வழி மெதுவானது, ஆனால் பல் உள்ளது. மும்பை விலே பார்லேயில் 1987 இடைத்தேர்தலில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டதற்காக சிவசேனை வேட்பாளர் ரமேஷ் பிரபுவின் வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லி, 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவருக்காகப் பேசிய பால் தாக்கரேயின் வாக்குரிமையே ஆறு ஆண்டுக்குப் பறிபோனது. எட்டு ஆண்டு இழுத்த வழக்குதான். ஆனால் முழுப் பேச்சையும் படித்து, பேசியவரின் பதிலையும் வாங்கி, காரணம் எழுதிக் கொடுத்த தீர்ப்பு. வெறுப்பால் பாதிக்கப்பட்டவருக்கும் சரி, அநியாயமாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் சரி, அந்தக் காரணம் எழுதுதல்தான் பாதுகாப்பு. சி-விஜிலில் பேச்சுப் புகாரை மூடும்போது வரும் ஒற்றைச் சொல் நிலவரத்தில் அது இல்லை.

செயலியைத் திருத்துகிறவர்கள் இதைப் படித்தால், கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேச்சு வகையை 100 நிமிடக் கடிகாரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வகையில் மட்டும் நீளமான ஆடியோ ஏற்ற அனுமதியுங்கள். யாரைக் குறிவைத்த பேச்சு, எந்த விதி என்று இரண்டு கட்டாயக் கேள்வி வையுங்கள். கொள்கை விமர்சனத்தின் மீது போடும் பொய்ப் புகார்களில் பாதி அங்கேயே நின்றுவிடும். ஏன் மூடினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் இந்த வகையின் எண்ணிக்கையைத் தனியாக வெளியிடுங்கள். ஆணையத்தின் 40 செயலிகளையும் தளங்களையும் ஒன்றாக்கும் ஈசிஐநெட் வேலை 2025இல் அறிவிக்கப்பட்டு, சி-விஜிலும் அதற்குள் வந்திருக்கிறது. உள்கட்டமைப்பை மாற்றும்போதே இதையும் செய்துவிடலாம்.

கடைசியாக, புகார் உங்கள் பேச்சின் மீதே வந்தால். மேடையில் பேசுகிற யாரும், எந்தக் கட்சியானாலும், தன் பேச்சைத் தன் ஆளை வைத்து முதலிலிருந்து கடைசிவரை பதிவு செய்வது இன்று கட்டாயம். துண்டு வீடியோவுக்கு முழு வீடியோதான் பதில். பறக்கும் படை வந்து நிறுத்தச் சொன்னால் எந்த விதி, யாருடைய உத்தரவு என்று மரியாதையாகக் கேட்டு, எழுத்தில் கேளுங்கள், வாக்குவாதம் வேண்டாம். ஆணைய நோட்டீஸ் வந்தால் கொடுத்த கெடுவுக்குள் பேச்சின் முழு எழுத்துவடிவத்தோடு பதில் போக வேண்டும். கெடு தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வரும். போலீஸ் வழக்கென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299, 353 எல்லாம் ஏழு ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ளவை, எடுத்தவுடன் கைது என்பது விதியல்ல. பிஎன்எஸ்எஸ் 35(3) பிரிவில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதே முறை, அந்த நோட்டீஸுக்கு ஆஜராகிவிடுங்கள். முதல்கட்ட விசாரணை நடந்ததா என்று வக்கீல் மூலம் கேளுங்கள். குற்றப்பத்திரிகை போட்டாலும் இந்தப் பிரிவுகளில் பிஎன்எஸ்எஸ்ஸின் 217ஆவது பிரிவின்படி அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. அனுமதி ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ரத்து மனு அதே சட்டத்தின் 528ஆவது பிரிவில், தென்மாவட்டமென்றால் மதுரைக் கிளையில், மற்றவை சென்னையில். மனுவோடு முழு வீடியோவின் எழுத்துவடிவத்தை, நிமிடம் விநாடி போட்டு இணைத்துவிடுங்கள்.